மலையைக் காப்பவர் யார்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இமயமலையில் அலகநந்தா என்று ஒரு ஆறு ஓடுகிறது. பாகீரதியோடு கலந்த பிறகு அதற்குத்தான் கங்கை என்று பெயர். அந்த ஆறு ஓடும் சமோலி ஜில்லா இன்று உத்தரகண்டில் இருக்கிறது. 2000-ம் ஆண்டு வரை உத்தரப் பிரதேசத்தில் இருந்தது. அங்கே ஏழை ஜனங்கள் தங்கள் மலையைக் காக்க என்ன செய்தார்கள் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம்.

"நமக்குக் கூலிப் பிரச்னை இருக்கிறது, பஞ்சப்படிப் பிரச்னை இருக்கிறது. மரத்தைப் பற்றிப் பேச நேரமேது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மலை ஜனங்களும் கூலியிலிருந்துதான் ஆரம்பித்தார்கள்!

சண்டி பிரசாத் பட் என்பவர் ஒரு பஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். அவரும் நண்பர்களும் 1960-ல் ஒரு கூலித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். ரோடு போடும் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்தார்கள். 1964-ல் கோபேஷ்வரில் தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் பிறந்தது. மலையில் விளைவதைக் கொண்டு மலையிலேயே சிறு தொழில் நடத்த வேண்டும், பிழைப்புத் தேடிப் பிள்ளைகள் சமவெளிக்கு ஓடக் கூடாது என்பது அவர்கள் நோக்கம். அவர்கள் சர்வோதயக்காரர்கள், நம் பாதை வேறு. ஆனாலும் நல்ல காரியத்தை யார் செய்தாலும் அதை நல்லது என்று சொல்வதற்கு நாம் தயங்க மாட்டோம்.

1970 ஜூலையில் அலகநந்தாவில் பெருவெள்ளம் வந்தது. பேலாகுச்சி என்ற கிராமமே அடித்துக்கொண்டு போயிற்று. வெள்ளம் சுமந்து வந்த மண் கீழே மேல் கங்கைக் கால்வாயை அடைத்துக்கொண்டது. மலையில் மண் சரிந்தால், தொலைதூரத்தில் உழுகிறவனுக்குப் பாசனத் தண்ணீர் நின்று போகிறது! சங்கத்தின் தொண்டர்கள் நிவாரண வேலைக்கு ஊர் ஊராக நடந்தார்கள். மரம் மொட்டையடிக்கப்பட்ட சரிவுகளில் நாசம் அதிகம் என்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள்.

அடுத்து நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். அந்த மலையில் ஆஷ் என்ற மரம் உண்டு. கனம் குறைவு, வலுவோ அதிகம். நுகத்தடிக்கு அதைவிட நல்ல மரம் அங்கே கிடையாது. உழவுக் கருவி செய்யச் சில மரங்கள் வேண்டும் என்று சங்கம் கேட்டது. காட்டிலாகா மறுத்துவிட்டது. அதே மரத்தை அலகாபாத்திலிருந்து வந்த சைமண்ட்ஸ் என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனிக்குக் கொடுத்தது! உழுகிறவன் மாட்டுக்கு நுகத்தடி இல்லை. சீமான் கை டென்னிஸ் மட்டைக்கு மரம் உண்டு. இது யாருடைய சர்க்கார் என்று ஜனங்கள் கேட்டதில் என்ன தவறு?

1973 ஏப்ரலில் மண்டல் கிராமத்தில் ஜனங்கள் திரண்டார்கள். வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிக்கொள்வோம் என்றார்கள். கம்பெனி ஆட்கள் திரும்பிப் போனார்கள். 'சிப்கோ' என்ற பெயர் இப்படித்தான் வந்தது. ஒட்டிக்கொள், கட்டிக்கொள் என்று அதற்கு அர்த்தம்.

மறுவருஷம் ரேணி கிராமத்துக் காட்டில் 2,000-க்கும் மேற்பட்ட மரங்களை ஏலத்தில் விட்டார்கள். அப்போது அந்த வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தவர்களில் ஒருவர் ஜோஷிமட் வட்டாரத் தலைவர் கோவிந்த் சிங் ராவத். அவர் கம்யூனிஸ்ட். 1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்து ஆண்கள் ஊரில் இல்லை. ராணுவத்துக்கு எடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு வாங்கச் சமோலிக்குப் போயிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துக் காண்ட்ராக்டரின் ஆட்கள் கோடாலியோடு வந்தார்கள். எதிரே வந்தவர்கள் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும்! பெண்களின் எதிரே துப்பாக்கியை நீட்டிப் பார்த்தார்கள். அவர்கள் அசையவில்லை.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். மரம் வெட்ட வந்தவர்களும் கூலிகள்தான். அந்தப் பெண்கள் அவர்களைப் பகைவராக நினைக்கவில்லை. சகோதரர்களே என்று கூப்பிட்டு, இந்தக் காடு எங்கள் தாய்வீடு, இது போனால் மலை எங்கள் வீட்டின்மேல் விழும் என்று விளக்கினார்கள். கூலிகள் திரும்பிப் போனார்கள். உழைப்பாளிக்கு உழைப்பாளி எடுத்துச் சொன்னால் கோடாலியும் கீழே இறங்கும்!

சர்க்கார் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. குழு ஜனங்கள் சொன்னதைத்தான் சொல்லிற்று. அலகநந்தாவின் மேல்பகுதியில் 10 ஆண்டுகளுக்கு மரவெட்டு நிறுத்தப்பட்டது. தொண்டர்களோ அதோடு வீடு திரும்பவில்லை. முகாம் போட்டார்கள். கல்சுவர் கட்டினார்கள், மண்சரிவில் புல் நட்டார்கள், கன்று நட்டார்கள். எந்த மரம் வேண்டும் என்பதை விறகும் தீவனமும் சுமக்கும் பெண்களிடம் கேட்டார்கள். நட்ட கன்றும் பிழைத்தது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 1982-ல் நந்தாதேவி மலைப்பகுதியைத் தேசியப் பூங்கா என்று சர்க்கார் மூடிவிட்டது. காட்டைக் காத்த ரேணி, லாதா கிராமத்தாருக்கே மேய்ச்சல் போயிற்று. மலையேற வருபவர்களுக்குச் சுமை தூக்கியும் வழிகாட்டியும் பெற்ற கூலியும் போயிற்று. காத்தவனையே வெளியே தள்ளினால் அது என்ன பாதுகாப்பு? 1998-ல் அவர்கள் மறுபடியும் போராடினார்கள். வருகிற யாத்திரிகரை நாங்களே அழைத்துச் செல்வோம், மலை கெடாமலும் பார்த்துக்கொள்வோம், வருமானம் ஊருக்கே சேர வேண்டும் என்று 2001-ல் பிரகடனம் செய்தார்கள். 2003-ல் பூங்காவின் ஒரு பகுதி திறக்கப்பட்டது.

ஒரு பக்கம் கிராமத்தாருக்குப் பூட்டு. மறுபக்கம் அதே ஆற்றில் மின்சாரத் திட்டங்களுக்குத் திறந்த கதவு! ரேணிக்கு அருகில் வெடி வைக்கிறார்கள் என்று 2019-லேயே ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. ரிஷிகங்கா மின்நிலையம் அழிந்தது. தபோவனத்தில் கட்டி வந்த திட்டம் சிதைந்தது. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அல்லது காணாமற் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார்? சுரங்கத்திலும் அணையிலும் வேலை செய்த தொழிலாளிகள்! பாறை விழுவதை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் ஆபத்து நிறைந்த அந்த ஆற்றின் வாயில் அத்தனை பேரை நிறுத்தி வைத்தது மனிதன் செய்த முடிவு.

தோழர்களே! மின்சாரம் வேண்டாம், ரோடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆலையும் வேண்டும், வேலையும் வேண்டும். மலை ஜனங்களும் அதையேதான் கேட்டார்கள். நாம் கேட்பதெல்லாம் இதுதான்: திட்டம் போடும்போது அந்த மண்ணில் பாடுபடுகிறவனைக் கேட்டாயா? லாபம் யார் பைக்குப் போகிறது? ஆபத்து யார் தலையில் விழுகிறது? எந்தத் திட்டம் வந்தாலும் சங்கத்திலும் கிராமசபையிலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். கேட்க நாலு பேர் சேர்ந்தால் பேச்சு. நாலாயிரம் பேர் சேர்ந்தால் அது பலம்!