நாற்பது நிமிடத்தில் ஒரு குடியிருப்பு



நிலமும் பொழுதும் கவிதைக்கு முதற்பொருள் என்பது தொல்காப்பிய மரபு. அந்த மரபை எனக்கு மீண்டும் நினைவூட்டியது ஓர் அமெரிக்க ஒலிநாடா என்றால் உங்களுள் சிலர் வியப்படையலாம். நாஸ் என அழைக்கப்படும் நாசிர் ஜோன்ஸ், தமது இருபதாவது வயதில், 1994 ஏப்ரலில் வெளியிட்ட 'இல்மற்றிக்' என்ற தொகுப்பு அது. அவருடைய முதலாவது தொகுப்பு. ஹிப் ஹொப் இசையில் நான் முழுமையாகக் கேட்ட முதலாவது தொகுப்பும் அதுவே. அன்று பற்றிக்கொண்ட விருப்பம் இன்றுவரை குறையவில்லை.

இந்த இசை பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி ஒரு விருந்து நடந்தது. அதில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டவர் ஜமேக்காவில் பிறந்த கூல் ஹேர்க் என்ற இளைஞர். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை வைத்துக்கொண்டு, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளை மாறி மாறி ஓடவிட்டு நீட்டுவது அவருடைய உத்தி. அவ்வாறு நீண்ட தாளத்தின்மேல் ஏறிய பேச்சே றாப் ஆக வளர்ந்தது. நாஸ் பிறந்தது அதற்கு அடுத்த மாதம். கலையும் கலைஞரும் ஒரே வயதினர் எனலாம்.

அவர் வளர்ந்த இடம் குயின்ஸ்பிரிட்ஜ். 1939இல் திறக்கப்பட்ட, மூவாயிரத்துக்கும் அதிகமான வீடுகளைக் கொண்ட அரசாங்கத் தொடர்மாடிக் குடியிருப்பு அது. தொகுப்பு ரயிலின் இரைச்சலோடு தொடங்குகிறது. அட்டையில் நாஸின் சிறுவயது முகமும் குடியிருப்பின் தெருவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஒலிநாடாவின் இரு பக்கங்களுக்கும் 40, 41 என அவ்விடத்து வீதி இலக்கங்களையே பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். ஒரு முன்னுரை, ஒன்பது பாடல்கள், மொத்தம் நாற்பது நிமிடம். கவிஞரின் மனம் அந்தச் சில தெருக்களையே சுற்றிச் சுற்றி வருகிறது. நிலம் முதலில் வருகிறது. மனிதர்கள் அதிலிருந்து எழுகிறார்கள்.

முதல் தடவை கேட்டபோது சொற்களில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் எதுகை பிடிபட்டது. அடியின் ஈற்றில் ஓர் ஓசை ஒத்துவருவதோடு அவர் நின்றுவிடுவதில்லை. அடிக்குள்ளேயும் இரண்டு மூன்று அசைகள் சேர்ந்து ஒத்தொலிக்கின்றன. வாக்கியமோ அடியைத் தாண்டி ஓடி, அடுத்த அடியின் நடுவில் முடிகிறது. யாப்பு பழகிய காது அதைக் கேட்டு நிமிர்ந்து உட்காராமல் இருக்க முடியாது.

இத்தொகுப்பில் என்னை மிகவும் பாதித்தது 'வன் லவ்' என்ற பாடல். சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதமாக அது அமைந்திருக்கிறது. உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, ஊரில் இன்னார் இப்படி என்று செய்திகள் சொல்லப்படுகின்றன. துக்கம் என்ற சொல்லே தேவைப்படவில்லை. இறுதிப் பகுதியில், போதைப்பொருள் வியாபாரத்தில் ஏற்கெனவே இறங்கிவிட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனோடு கவிஞர் பேசுகிறார். அடுத்த கடிதம் யாருக்கு எழுதப்படும் என்ற அச்சம் கேட்பவர் மனத்தில் எழுகிறது. நாஸின் நெருங்கிய நண்பர் ஒருவர் 1992இல் அதே குடியிருப்பில் கொல்லப்பட்டவர் என்பதை அறிந்தபின், இந்தக் கடிதங்களின் நிதானம் எனக்கு இன்னும் கனத்தது.

இதில் கெட்ட வார்த்தைகள் நிறைந்திருக்கின்றனவே, இதுவும் இலக்கியமா என்று கேட்போர் உண்டு. நிறைந்திருப்பது உண்மை. பெண்களைக் குறிக்கும் சில சொற்கள் எனக்கும் உவப்பானவை அல்ல. அவற்றுக்காக வாதாட நான் வரவில்லை. ஆயினும் தன் தெருவை உள்ளிருந்து பார்த்து, கண்டதை மெருகிடாமல் சொன்ன ஒருவரின் சாட்சியம் இது. அந்தத் தெருவின் மொழியிலன்றி வேறெந்த மொழியில் அதைச் சொல்லியிருக்க முடியும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த இசை முன்னோரை மறந்த இசையன்று. ஒரு பாடலின் அடியில் அஹமட் ஜமால் என்ற ஜாஸ் மேதை 1970இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து எடுத்த பியானோத் துண்டு சுழன்று சுழன்று வருகிறது. இன்னொரு பாடலின் முடிவில் கோர்னெற் வாசிப்பவர் நாஸின் தந்தை ஒலு டாரா. மரணத்தைப் பற்றி மகன் பேசி முடித்த இடத்தில் தந்தையின் மூச்சு ஒலிக்கிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்கப்படவேண்டிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் இத்தொகுப்பைச் சேர்த்துக்கொண்டதாக 2021இல் அறிவித்தது. கல்விமான்களின் அங்கீகாரம் மகிழ்ச்சிக்குரியதே. எனினும் நேயர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கவிதையில் விருப்பமுடையவர்கள், அந்தக் கடிதப் பாடலை ஒரு தடவையாவது தனித்திருந்து கேட்டுப் பாருங்கள்.