வேகக் காரும் அதன் எண்ணெய்களும்

திருப்பூரில் பனியன் துணி பின்னும் கூடம் எதில் நுழைந்தாலும் முதலில் மூக்கை எட்டுவது எண்ணெயின் மணமே. வட்டமாய்ச் சுழலும் அந்த இயந்திரத்தின் ஊசிகளுக்கு விடும் எண்ணெய் மெல்லியது. துணியில் பட்டாலும் சலவையில் கறையின்றிப் போய்விட வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே இயந்திரத்தின் பல்சக்கரங்களுக்கு விடும் எண்ணெயோ கனமானது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றச் சம்மதிக்கும் ஃபிட்டரை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை. ஆனால் அதே ஊர் இளைஞர் தம் காரைப் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோகும்போது மட்டும், “இருப்பதிலேயே கனமானதை ஊற்றுங்கள்” என்று பணிமனையில் சொல்லிவிடுகிறார். இது ஏன் சரியன்று என்பதையே இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்டேன்.

பல்லடம் தாண்டிக் கோவைப் பக்கம் போனால் செட்டிபாளையம். அங்கே 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயக் கார்களை வடிவமைத்தவரும், 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்தவருமான எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியது அப்பாதை. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. ஆகவே எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு வேகத்தில் நாட்டம் இருப்பதில் வியப்பில்லை. பரிசு ஏதுமின்றி, கட்டணம் செலுத்திச் சொந்தக் காரை இத்தகைய பாதையில் விரைந்து ஓட்டிப் பழகும் நாளை ‘டிராக் டே’ என்கிறார்கள். நெடுஞ்சாலையில் செய்ய வேண்டாததை அங்கே போய்ச் செய்வது நல்லதுதான்.

சாலையில் ஓடும் காருக்கும் பாதையில் ஓடும் காருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே சொல்லில் சொல்லலாம்: வெப்பம். சாதாரணப் பயணத்தில் என்ஜின் எண்ணெய் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இருக்கும். பாதையில் இடைவிடாது விரட்டினால் 130 டிகிரியையும் தொடக்கூடும். சூடேறினால் எண்ணெய் இளகும் என்பது தாளிக்கும் சட்டியைப் பார்த்தவர் எவரும் அறிந்தது.

எண்ணெய் டப்பாவின் மேல் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40 என்று எழுதியிருக்கும். முன்னால் உள்ள எண் குளிரில் அது எப்படி ஓடும் என்பதைக் குறிக்கும். எங்கள் கொங்கு நாட்டில் அதைப்பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் அதன் பிசுக்குமையைக் காட்டுவது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. இனிக் கவனியுங்கள். 100-லிருந்து 130 டிகிரிக்கு ஏறும்போது எண்ணெயின் பிசுக்குமை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அப்படியானால் 130 டிகிரியில் உள்ள 40-ஆம் எண் எண்ணெய், 100 டிகிரியில் உள்ள 30-ஆம் எண் எண்ணெயைவிட இளகியதே! சற்றுக் கனமானதைத் தேர்வதன் நோக்கம் கனத்தைக் கூட்டுவதன்று. சூட்டில் இழக்கும் கனத்தை ஓரளவு ஈடுசெய்வதே.

ஆகையால் காருடன் வரும் கையேட்டில் 30, 40 இரண்டுக்கும் இடமிருந்தால், அந்நாளுக்கு 40 நன்று. எண்ணெயின் சூட்டைக் காட்டும் மானி ஒன்று பொருத்திக்கொள்வது அதைவிட நன்று. அது 110-ஐத் தாண்டவில்லையென்றால் எண்ணெயை மாற்றவே வேண்டியதில்லை. 60-ஆம் எண்ணுக்குத் தாவுவோர், காலையில் என்ஜினை முடுக்கும்போது எண்ணெய் தாங்கிகளைச் சென்றடையத் தாமதமாகும் என்பதை மறக்கிறார்கள். எண்ணெயின் அளவும் முக்கியம். நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபுறமாய் ஒதுங்கி, உறிஞ்சு குழாயின் வாய் காற்றைக் குடிக்கலாம். அளவுகோலின் மேல் கோடு வரை நிரப்புங்கள். கோட்டைத் தாண்டினால் சுழலும் தண்டு அதை நுரையாக்கிவிடும்.

முற்காலப் பந்தயக்காரர்கள் நம் ஆமணக்கெண்ணெயைத்தான் நம்பினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. பெட்ரோலில் எளிதில் கரையாமல் உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்பது அதன் பெருமை. சூட்டில் பிசினாகிப் படிவது அதன் குறை. வண்டி மை குழைத்த நம் பாட்டனார் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்.

இவ்வளவு நேரமும் என்ஜின் எண்ணெயைப் பற்றிப் பேசினேன். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் உயிரைக் காப்பது வேறொரு திரவம். பிரேக் மிதியை அழுத்தும்போது அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஆயிலைத்தான் சொல்கிறேன். (பெயர்தான் ஆயில், பெரும்பாலான கார்களில் அது எண்ணெயே அன்று.) 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 120 கிலோமீட்டரிலிருந்து 60-க்கு வேகத்தைக் குறைப்பதாகக் கொள்வோம். அப்போது அது இழக்கும் ஆற்றல், 1.4 லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரே ஒரு வளைவுக்கு இது. அவ்வாற்றலின் பெரும்பகுதி பிரேக் தட்டுகளுக்கே போகிறது. சுற்றுக்குச் சுற்று, வளைவுக்கு வளைவு, இது கூடிக்கொண்டே போவதை எண்ணிப் பாருங்கள்.

இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்ற வகை புதிதாய் இருக்கும்போது 230 டிகிரி வரையேனும் கொதிக்கலாகாது என்பது விதி. ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அந்த வரம்பு 155-ஆக இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140. கொதித்தால் ஆவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி தரைவரை போகும், கார் நில்லாது. ஓர் இளைஞரின் காரில் நான் அருகே அமர்ந்திருந்தபோது, ஐந்தாம் சுற்றில் மிதி பஞ்சுபோல் ஆயிற்று. இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்து, கியரைக் குறைத்து, மண் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். என்ஜினில் அன்று காலை ஊற்றிய விலையுயர்ந்த எண்ணெய் பளபளத்தது. பிரேக் திரவமோ நான்கு ஆண்டுப் பழசு, தேநீர் நிறம்.

எனவே கையில் இருக்கும் பணம் ஒன்றை மாற்றத்தான் போதுமென்றால், பிரேக் திரவத்தை மாற்றுங்கள். சீல் உடைக்காத டாட் 4 அல்லது, கையேடு இடங்கொடுத்தால், டாட் 5.1 வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிகோன். பெயர் ஒத்திருப்பதால் ஏமாந்து ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள்.

கியர் பெட்டிக்குக் கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 மட்டுமே. ஜிஎல்-5 உயர்ந்ததென்று எண்ணி ஊற்றினால், அதிலுள்ள கந்தகக் கூட்டுப்பொருள்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். ரேடியேட்டருக்கு எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஆகவே ஆகாது. அதன் உப்பு குழாய்களில் பாறையாய்ப் படியும். உப்பு நீக்கிய நீரில் கூலண்டைக் கையேடு சொல்லும் விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள்.

கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாய் ஓட்டி வாருங்கள். நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுக்க வேண்டாம். காய்ந்த தட்டின்மேல் பட்டை ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து எண்ணெயின் அளவைப் பாருங்கள்.