எழுந்து நடந்தாள்



என் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சிறிய கருவி இருக்கிறது. அதுதான் பேஸ்மேக்கர். பதினோரு ஆண்டுகள் உழைத்த பழைய கருவியின் பேட்டரி தீரும் நிலைக்கு வந்ததால், இரண்டு மாதங்களுக்கு முன் புதியதை வைத்தார்கள். இதயத்துக்குள் செல்லும் பழைய ஒயர்கள் நன்றாக இருந்ததால் அவற்றிலேயே இணைத்துவிட்டார்கள். மறுநாளே பங்கு இல்லம் திரும்பினேன்.

"கனமாக எதையும் தூக்காதீர்கள். காயம் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் நடங்கள், கையை மெதுவாக அசையுங்கள்" என்றார் மருத்துவர். முதல் இரண்டும் என் காதில் விழுந்தன. மூன்றாவது விழவில்லை. இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தேன். நடக்கப் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவதையும் நிறுத்தினேன். கேட்டவர்களிடம், "டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றேன்.

நான்காவது வாரம் திருப்பலியில் செபிக்கக் கைகளை விரித்தேன். இடது கை பாதியில் நின்றுவிட்டது. தோள் இறுகிப்போயிருந்தது. பூசை முடிந்ததும் எங்கள் கோயில்பிள்ளை கேட்டார்: "என்ன சாமி, புது பேட்டரியை மிச்சம் பிடிக்கிறீங்களா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் பயத்துக்குக் கீழ்ப்படிதல் என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். அது சில மணி நேரமே வேலை செய்தது. பிறகு மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகள்! 2001-இல் தமது 86-ஆம் வயதில் அவர் இறந்தார்; அதுவும் இதய நோயால் அல்ல. ஒரே ஒரு முறை மாற்றியதற்கே நான் முடங்கிக் கிடந்தேன்.

நற்செய்தியில் யாயிரின் மகளை நினைத்துப் பாருங்கள். இயேசு அவள் கையைப் பிடிக்கிறார். அவள் எழுகிறாள், நடக்கிறாள். அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொல்கிறார். உயிரைத் திரும்பக் கொடுத்தவர், அவளைக் கட்டிலில் பத்திரமாகப் படுக்க வைக்கச் சொல்லவில்லை.

மருத்துவரிடம் மீண்டும் போனேன். அவர் சொன்ன பயிற்சியைத் தொடங்கினேன். முதல் நாள் கோயிலை ஒரு சுற்று; கோயில்பிள்ளை கூடவே வந்தார். பிறகு இரண்டு சுற்று. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாம் தெருப் பாட்டி வீட்டுக்கு நற்கருணையோடு நடந்தே போனேன். நான் போகாத வெள்ளிக்கிழமைகளிலும் அவர் சேலை மாற்றி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம்.

அன்பானவர்களே, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருப்பவர்கள் என்னைப் பார்த்து எதையும் செய்ய வேண்டாம். ஒயரையும் புதிதாக வைத்தவர்களுக்குக் கையை உயர்த்துவதில் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. காயம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சலோ மயக்கமோ வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். "எதைச் செய்யக் கூடாது?" என்று கேட்கும்போதே, "எதைச் செய்ய வேண்டும்?" என்றும் கேளுங்கள். வீட்டில் உள்ளவர்களே, "சும்மா படுங்கள்" என்று சொல்வதோடு நிற்காமல், அவர்களோடு பத்து நிமிடம் நடங்கள்.

கடந்த ஞாயிறு திருக்கிண்ணத்தை இரு கைகளாலும் உயர்த்தினேன். கொஞ்சம் வலித்தது. அந்த வலியோடே நன்றி சொன்னேன்.

நம் கையைப் பிடித்து எழுப்புகிற ஆண்டவர் உங்கள் ஒவ்வோர் அடியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.