அடுப்பும் சட்டமும்

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி வாலிபர்களும் முன்னின்று செய்துவரும் ஒரு கிளர்ச்சியாகும். அவர்கள் கேட்பது பட்டமல்ல, பதவியல்ல. “எங்கள் ஊரில் இனிக் கட்டும் கட்டிடத்துக்குள் காஸ் குழாய் போகக்கூடாது. சமையலும், வெந்நீரும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதும் மின்சாரத்தாலேயே நடக்கவேண்டும். நகரசபை இதற்குச் சட்டம் செய்யவேண்டும்” என்பதே அவர்களுடைய கோரிக்கை. இதற்கு ஒரு கிளர்ச்சியா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இதைத் தடுப்பதற்கென்றே அந்நாட்டில் 20க்கு மேற்பட்ட மாகாணங்கள் சட்டம் செய்திருக்கின்றன. 2020ல் அரிஜோனா முதலில் ஆரம்பித்தது. சிரிக்கத் தகுந்த காரியத்துக்கு இத்தனை பூட்டு எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வீட்டுக்கு காஸ் உருளையில் வருகிறது. அங்கே பெரும்பாலும் தெருவுக்கடியில் குழாய் போட்டு வீட்டுக்கு வீடு வருகிறது. எரிந்தால் கரியமிலவாயு; எரியாமல் கசிந்தால் மீதேன். இந்த மீதேன் பூமியைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவைவிடப் பன்மடங்கு கெட்டது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் கலிபோர்னியாவில் 53 வீட்டு அடுப்புகளைச் சோதித்து 2022ல் வெளியிட்ட முடிவு என்னவெனில், கசியும் மீதேனில் முக்கால் பங்குக்கு மேல் அடுப்பு அணைந்திருக்கும்போதே கசிகிறது என்பதாகும்! எரியும்போதோ, நைட்ரஜன் டயாக்சைடு என்னும் விஷக்காற்று சமையலறையில் சேர்ந்து குழந்தைகளின் நுரையீரலைக் கெடுக்கிறது.

நியூயார்க் நகரம் வெளிவிடும் இவ்விதக் கேடான வாயுக்களில் சுமார் 70 சதவிகிதம் கட்டிடங்களால் உண்டாவதாக நகர நிர்வாகத்தின் கணக்கே சொல்லுகிறது. இன்று கட்டும் கட்டிடம் ஐம்பது, நூறு வருஷம் நிற்கும். அதற்கு அனுமதிக் கையெழுத்துப் போடுகிறவர் அறுபது வயதுக்காரர். அதில் குடியிருக்கப் போகிறவன் ஓட்டுக்கூட இல்லாத பதினைந்து வயதுப் பையன். “எங்களைக் கேளாமல் எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?” என்று அவன் கேட்டால் அதில் என்ன தப்பு?

மின்சாரத்தால் ஒரு வீட்டைச் சூடாக்க முடியுமா என்று கேட்பீர்கள். ஹீட் பம்ப் என்று ஒரு யந்திரம் இருக்கிறது. குளிர்ப்பெட்டி தன் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறதல்லவா? இது வெளிக்காற்றிலுள்ள சூட்டை உள்ளே தள்ளுகிறது. சூட்டைப் புதிதாக உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று பங்கு சூடு கிடைக்கிறது. இதில் மாயமொன்றுமில்லை.

இந்தச் சட்டத்தை அந்நாட்டில் முதலில் செய்த ஊர் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி. 2019 ஜூலையில், கேட் ஹாரிசன் என்னும் பெண் அங்கத்தினர் கொண்டுவர, நகரசபை ஒருமனதாக நிறைவேற்றியது. உடனே ஓட்டல் முதலாளிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. நெருப்பு ஜுவாலை கண்ணுக்குத் தெரியாவிட்டால் சமையலில் பக்குவம் வராதாம்! நம் வீடுகளில் விறகடுப்பு போய் காஸ் வந்த காலத்தில், “சோற்றில் ருசி போயிற்று” என்று சொல்லாத கிழவி உண்டா? ருசி போகவில்லை, கண்ணெரிச்சலும் இருமலும்தான் போயின. விறகுப் புகையிலிருந்து நம் பெண்களைக் காஸ் காப்பாற்றியது உண்மை. அதற்காக அதற்குமேல் ஒரு படி கிடையாது என்று சொல்லிவிடலாமா?

2023 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டு பெர்க்லிச் சட்டம் செல்லாது என்றது. வீட்டுச் சாதனங்கள் செலவிடும் சக்தியைப்பற்றிய விதிகளை மத்திய சர்க்காரே செய்யவேண்டுமென்று 1975ல் ஒரு சட்டம் இருக்கிறதாம்; குழாயைத் தடுப்பது அடுப்பைத் தடுப்பதாகுமாம். 2024ல் பெர்க்லி தன் சட்டத்தை எடுத்துவிட ஒப்புக்கொண்டது.

நியூயார்க்கின் கதை வேறு. அங்கே கல்லூரி மாணவர்களே நிர்வாகிகளாயிருக்கும் நைபிர்க் என்னும் சங்கமும், ஏழைக் குடியிருப்புகளின் சங்கங்களும் சேர்ந்து வேலை செய்தன. 2021 டிசம்பரில் நகரசபை சட்டத்தை நிறைவேற்றியது. ஆஸ்பத்திரிக்கும், ஓட்டல் சமையலறைக்கும், பிணம் எரிக்கும் இடத்துக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். செத்தவனுக்கு விலக்கு, பிழைத்திருப்பவனுக்குச் சட்டம், நியாயந்தான்! குழாய்வேலைக் கண்டிராக்டர்கள் இதன்மேலும் வழக்குத் தொடுத்தார்கள். 2025ல் அங்குள்ள கோர்ட்டு, அதே 1975ம் வருஷத்துச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, நகரத்தின் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஒரே சுலோகத்துக்கு இரண்டு பாஷ்யம் செய்வது நம் பண்டிதர்களுக்கு மட்டும் சொந்தமல்ல போலிருக்கிறது. விவகாரம் மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போயிற்று.

எதிரிகள் சொல்லுவதெல்லாம் பொய்யென்று நாம் சொல்லவரவில்லை. கலிபோர்னியாவில் மின்சாரக் கட்டணம் அதிகம் என்பது மெய். மின்சாரமே பல இடங்களில் காஸை எரித்துத்தான் உண்டாகிறது என்பதும் மெய். ஆனால் மின்சார உற்பத்தி சூரிய வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மாறினால், மின்சார வீடு தானாக மாறிவிடும். காஸ் குழாய் மாறுமா? ஏழைக்குச் செலவு என்பதுதான் யோசிக்கவேண்டிய ஆட்சேபம். வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராகக் காஸை விட்டுவிட்டால், குழாயைப் பராமரிக்கும் செலவு முழுதும் மிஞ்சி நிற்கும் ஏழைகளின் பில்லில் விழும். ஆகவே புதுக் குழாய் போடாதே என்பது ஏழைக்கு விரோதமல்ல. நியூயார்க் மாகாணத்தில் புதிதாகக் காஸ் கேட்பவனுக்கு முதல் 100 அடிக் குழாய் இலவசமென்று ஒரு சட்டம். இலவசமென்றால் யார் கொடுத்தது? பழைய வாடிக்கைக்காரர்களின் பில்லில் சேர்த்து வசூலித்தார்கள். இதை ஒழிக்க 2025ல் சட்டசபையின் இரு மன்றங்களும் ஓட்டுப் போட்டன.

தோல்வியையும் சொல்லவேண்டும். ஓரிகன் மாகாணத்து யூஜீன் நகரசபை 2023 பிப்ரவரியில், புதிய சிறு வீடுகளுக்குக் காஸ் கூடாதென்று சட்டம் செய்தது. காஸ் கம்பெனி பணங்கொடுத்து, பொதுஜன ஓட்டுக்கு விடவேண்டுமென்று கையெழுத்து வாங்கச் செய்தது. அதற்குள் பெர்க்லித் தீர்ப்பும் வந்தது. ஜூலையில் நகரசபையே அதை ரத்துச் செய்துவிட்டது.

நியூயார்க் நகரத்தில் ஏழு மாடிக்குக் குறைந்த புதுக் கட்டிடங்களுக்கு 2024 முதல் சட்டம் அமுலுக்கு வந்தது. அதற்கு மேற்பட்ட மாடிகளுக்கு 2027 ஜூலை என்று தேதி குறித்திருக்கிறார்கள். 2021ல் பதினைந்து வயதாயிருந்து, ஓட்டில்லாமல் கோஷம் மட்டும் போட்ட பிள்ளைகள், அந்தத் தேதிக்கு முன்பே ஓட்டுக்காரர்களாகிவிட்டார்கள்.