சிட்டிக்குத் தெரியாத வெட்கம்



வேடசந்தூர் வாசக நண்பர்கள் அறிவியல் புனைகதை பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு வேற்றுக்கிரகம் வரை போக வேண்டியதில்லை. 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தை ஒரு புரட்டுப் புரட்டினால் போதும், அதில் வரும் இயந்திர மனிதன் சிட்டிக்கு முழுவதும் மனப்பாடம். அதே சிட்டி, தீப்பிடித்த குடியிருப்புக்குள் புகுந்து, குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. அந்தப் பெண் வெட்கம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்றிய இயந்திரத்துக்கு, தான் செய்த தப்பு என்னவென்றே புரியவில்லை.

வசனத்தில் பங்குள்ள எழுத்தாளர் சுஜாதா, படம் வருவதற்கு முன்பே 2008இல் மறைந்துவிட்டார். ஆனால் ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதையில் ஜீனோ என்கிற இயந்திர நாயை ஓடவிட்டு, இயந்திரத்துக்கு மனசு வருமா என்று 1980களிலேயே வாரப் பத்திரிகை வாசகர்களைக் கேட்க வைத்தவர் அவர்.

படத்தில் அந்தப் பெண் செத்த பிறகுதான் சிட்டியை உருவாக்கிய விஞ்ஞானி அதற்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்கிறார். நினைவு ஏற்கெனவே இருக்கிறது, உணர்ச்சியை மேலே சேர்த்தால் சரியாகிவிடும் என்பது கதையின் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில்தான் சந்தேகம். உணர்ச்சி இல்லாத நினைவு முழு நினைவுதானா?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவுக்குப் போன நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். விபத்தில் தலையில் அடிபட்டு, கோமாவிலிருந்து மீண்ட இளைஞர். பேச்சு தெளிவு, புத்தி தெளிவு. பெற்ற தாய் எதிரே வந்து நின்றால் மட்டும், “பார்க்க எங்கம்மா மாதிரியே இருக்கிறார், ஆனால் அம்மா இல்லை, யாரோ வேஷம் போட்டு வந்திருக்கிறார்” என்கிற ரீதியில் பேசுவார். அதே தாய் போனில் பேசினால், சந்தேகமே இல்லை, அம்மாதான்!

தெரிந்த முகத்தைக் கண்டால் நமக்குக் கையில் லேசாக வியர்க்கும். நமக்கே தெரியாது, கருவிக்குத் தெரியும். இவருக்கு அளந்து பார்த்தார்கள். வேண்டியவர் முகத்துக்கும் ஊர்பேர் தெரியாதவர் முகத்துக்கும் கருவி ஒரே மாதிரிதான் காட்டியது. முகத்தை அறியும் பகுதியிலிருந்து, உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலாவுக்குப் போகும் பாதை அறுந்திருக்க வேண்டும், காது வழிப் பாதை தப்பித்திருக்க வேண்டும் என்பது ராமச்சந்திரன் தரும் விளக்கம். அம்மாவின் மூக்கும் முழியும் நினைவில் இருக்கின்றன. அம்மா மட்டும் இல்லை. எந்தக் கதாசிரியரும் இப்படி எழுதினால் ‘கொஞ்சம் ஓவர்’ என்போம்!

தலைகீழாகவும் நடக்கும், நினைவு போனாலும் உணர்ச்சி தங்கும். கிளாபரேட் என்கிற ஜெனீவா மருத்துவர் 1911இல் எழுதிய சம்பவம். புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு பெண்மணியிடம், விரலிடுக்கில் ஊசியை ஒளித்துக்கொண்டு கை கொடுத்தார். குத்தியதை அந்த அம்மாள் மறந்துவிட்டார். ஆனால் மறுபடி கை நீட்டினால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ‘கஜினி’ படத்தின் சஞ்சய் ராமசாமிக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் எதுவும் தங்காது, அதனால் உடம்பெல்லாம் எழுதிவைத்துக்கொண்டார். எழுதாவிட்டாலும் எதிரியைக் கண்டால் அவர் ரத்தம் கொதித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இனி நம்ம ஊர், வேடசந்தூர். 1977 வெள்ளத்தில் குடகனாறு அணை உடைந்ததே, அதைப் பார்த்த பெரியவரிடம் கேளுங்கள். அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது என்பதுவரை சொல்வார். போன தடவை கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார். காரணம் இருக்கிறது: பதறும்போது சுரக்கும் அட்ரினலின் அமிக்டலாவை உசுப்பிவிடுகிறது. அது, நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸை முடுக்கிவிடுகிறது.

ஆனால் ஆழமாகப் பதிந்ததெல்லாம் சரியாகப் பதிந்தது ஆகாது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிவைத்தார். சில ஆண்டுகள் கழித்துக் கேட்டால் பலர் வேறு கதை சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள்.

அதனால் கல்லூரிப் பிள்ளைகளே, அந்த வெள்ளத்தைப் பற்றி ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நாலு பேரிடம் கேட்டு, செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒத்துப்போகாத இடங்களைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள். இங்கே முன்வரிசையில் அதை நேரில் பார்த்த பெரியவர்களே இருக்கிறார்கள். என் நேரமும் முடிந்தது. மைக் அவர்களிடம் போகட்டும்.