குரலுக்குப் படம் வேண்டுமா?

நமக்கு ஒழிந்த நேரத்தில் கைப்பேசியில் கேட்கக்கூடிய பேச்சுத் தொடரை வலையொலி என்கிறோம். இளையோர் அதைப் பாட்காஸ்ட் என்பார்கள். அந்தச் சொல் 2004இல் வழக்குக்கு வந்தது. அடுத்த ஆண்டே யூடியூப் தொடங்கியது. இன்று வலையொலி நடத்துவோரில் பலர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் காமிராவையும் வைத்துக்கொள்கிறார்கள். மாதந்தோறும் 100 கோடிப் பேருக்கு மேல் தன் தளத்தில் வலையொலிகளை நாடுவதாக யூடியூப் 2025இல் அறிவித்தது. இதைக் கேட்டால், குரலை மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கலக்கம் வருவது இயல்புதான்.

எங்கள் தோட்டப் பள்ளியில் படித்த இளைஞர் இருவர் இப்போது பட்டணத்தில் வேலை பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து முதியவர்களைச் சந்தித்து, பிரட்டுக்களம், லயம், ஆயாக்கொட்டகை என்று பழைய வாழ்க்கையைப் பேசவைத்துப் பதிவு செய்கிறார்கள். "இனிமேல் படத்தோடு செய்யலாமா, சார்?" என்று என்னைக் கேட்டார்கள். "அடுத்து யார், எதைப் பற்றிப் பேசப்போகிறார்?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி பேசவிருந்தார். அவரிடம் இரண்டு செய்திகள் இருந்தன.

ஒன்று, பால்வெட்டு. இதற்குப் படம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் வரவேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை; சற்றுச் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. இந்தச் சரிவில் வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபட்டு மங்கில் பால் சேரும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் குறையும். இவ்வளவையும் நான் சொல்லிவிட்டேன். இதைக் கேட்ட ஒருவர் கத்தியை எடுத்து வெட்டிவிடுவாரா? அந்த மணிக்கட்டு திரும்புவதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, கணவர் போன பிறகு பிள்ளைகளை ஆளாக்கிய கதை. அதற்குப் பாட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "குரல் போகட்டும் தம்பி, முகம் வேணாம்." முகம் தெரியாது என்ற தைரியத்தில்தான் சிலர் மனம் திறக்கிறார்கள். எதிரே காமிரா நின்றால் சேலையைச் சரிசெய்வார்கள், விளக்கைப் பார்ப்பார்கள். பேச்சு மேடைப் பேச்சாகிவிடும்.

பாடம் நடத்துவோரும் இதைக் கவனிக்கலாம். நகரத்தைச் சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுவது வெளியே தெரியும். ழகரத்துக்கு நாக்கு உள்ளே வளைகிறது; ஆசிரியர் முகத்தை எவ்வளவு அருகில் படம்பிடித்தாலும் அது தெரியாது. அங்கே கரும்பலகையில் வாயின் குறுக்குப் படம் ஒன்று வரைந்தால் போதும்.

இனி, கேட்பவர் பக்கம். சமைப்பவர், லாரி ஓட்டுபவர், துணி மடிப்பவர் ஆகியோருக்குக் காது மட்டுமே ஓய்வாக இருக்கிறது. செலவையும் கணக்கிடுவோம். விநாடிக்கு 64 கிலோபிட் அளவிலான அரைமணிப் பேச்சு சுமார் 14 மெகாபைட். சாதாரணப் படம் விநாடிக்கு 1000 கிலோபிட் என்று வைத்தாலும், அதே அரைமணி 225 மெகாபைட் ஆகிறது. அட்டை வாங்கிக் கைப்பேசிக்குப் பணம் ஏற்றுபவருக்கு இது சிறு வேறுபாடல்ல.

உழைப்பு வேறு இருக்கிறது. ஒலியில் இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி ஒட்டினால் யாருக்கும் தெரியாது. படத்தில் வெட்டினால் முகம் துள்ளும். அதை மறைக்க இன்னொரு காமிராவோ பழைய நிழற்படங்களோ தேவை. இளைஞர்களுக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். படவேலையில் மாதத்துக்கு ஒரு பதிவு குறைந்தாலும், குறைவது ஒரு முதியவரின் பேச்சு. அவர் அடுத்த ஆண்டு வரை காத்திருப்பார் என்று யாரும் உறுதி கூற முடியாது. என்னைக் கேட்டால் இந்தக் கணக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

யூடியூபில் இருந்தால்தானே ஆள் சேரும் என்பார்கள். இருக்கட்டும், ஒரே ஒரு நிழற்படத்தை முகப்பாக வைத்து ஒலியை அங்கேயும் ஏற்றலாம். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. அதன் பிறகும் வானொலிக்குக் காது கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நீங்களே சாட்சி.

இளைஞர்கள் கதையைக் குரலாகவே பதிவு செய்துவிட்டார்கள். பால்வெட்டை மட்டும் தனியாக எட்டு நிமிடப் படமாக எடுக்கப்போகிறார்கள். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. ஆகவே மழை ஓயக் காத்திருக்கிறார்கள். பாட்டியும் சம்மதித்துவிட்டார். காமிரா அவர் கைகளை மட்டுமே பார்க்கும்.