விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சொட்டு ரத்தம்

(இரவு நேர இன்சுலின் பற்றி, தஞ்சோங் மாலிமைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இனிப்பு நீர் என்றவுடன் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். சீனி ஏறிவிட்டது, சீனி ஏறிவிட்டது. சீனி இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று நான் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஊரார் கதை வேண்டாம், என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2009ஆம் ஆண்டு. என் தாயாருக்கு அப்போது எழுபது வயது கடந்துவிட்டது. முப்பது வருடம் தோட்டத்தில் மரம் வெட்டியவர். இரவில் 18 யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்வார். ஒரு வாரமாகக் காலையில் சோதித்தால் 11, 12 என்று காட்டியது. நான்தான் இந்தத் துறையில் இருப்பவனாயிற்றே, யாரைக் கேட்க வேண்டும்? 22 யூனிட்டாக ஏற்றிவிட்டேன். அந்த வாரம் அவருக்குப் பல் பிடுங்கியிருந்தது, இரவில் சோறு இறங்கவில்லை, அரை கிண்ணம் கஞ்சியோடு படுத்துவிடுகிறார் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும். அம்மாவின் அறையில் பேச்சுக் குரல். போய்ப் பார்த்தால், படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, "பெரட்டுக்கு மணி அடிச்சிட்டாங்கடா தம்பி, வாளிய எடு, உளி எங்க?" என்கிறார். சட்டையெல்லாம் நனைந்து தொப்பலாக இருக்கிறது. என் மனைவி பயந்துபோய் விபூதி எடுக்கப் போய்விட்டார். விரலைக் குத்திப் பார்த்தேன். 2.3. நல்ல வேளை, விழுங்கும் நிலையில் இருந்தார். சீனித் தண்ணீர் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் என்னைப் பார்த்து, "ஏன்யா தூங்கலையா?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

ரத்தத்தில் சீனி 4க்குக் கீழே போனால் அது குறைவு. பகலில் இப்படி ஆனால் கை நடுங்கும், பசிக்கும், நாமே ஒரு மைலோ கலக்கிக் குடித்துவிடுவோம். தூக்கத்தில் அந்த எச்சரிக்கையெல்லாம் சரியாகத் தெரியாது. கெட்ட கனவு, வியர்வை, காலையில் எழுந்தால் தலைவலி, இவ்வளவுதான் அடையாளம். நம்மில் சிலர் இதைக் காற்று, கருப்பு என்று சொல்லி மந்திரிக்கப் போவதுண்டு. இருதயத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். ஆனால் வியர்வையை மறைக்காது. நனைந்த தலையணையைச் சும்மா விடாதீர்கள்.

சரி, இந்த இன்சுலின் ஏன் நடுராத்திரியில் இப்படிச் செய்கிறது? இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோவில். நம் ஊர் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். அந்த இன்சுலின் சில மணி நேரமே வேலை செய்யும். 1936இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹாகெடோர்ன் என்பவர் மீனிலிருந்து எடுத்த ஒரு புரதத்தை அதோடு சேர்த்து, மெதுவாகக் கரையும்படி செய்தார். அதன் வழியில் 1946இல் வந்ததுதான் என்பிஎச். கடைசி எழுத்து அவருடைய பெயர். பால்போல் வெள்ளையாக இருக்கும். இன்சுலாடார்ட் என்று பலர் போட்டுக்கொள்வது இந்த வகைதான்.

இதற்கு ஓர் உச்சம் உண்டு. போட்டதிலிருந்து நான்கு மணி முதல் பத்து மணி நேரத்துக்குள் அதன் வேகம் மிக அதிகம். மாலை ஏழு மணிக்குப் போட்டால் உச்சம் நடுராத்திரியில் வந்து விழும். அதனால் பலருக்கு மருத்துவர் அளவைத் தொடுவதற்கு முன் நேரத்தை மாற்றுவார். படுக்கப்போகும் பத்து மணிக்குப் போட்டால் உச்சம் விடியலை நோக்கித் தள்ளிப்போகும். விடியலில் உடம்பு தானாகவே சீனியை ஏற்றும், ஆகவே இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் ஒன்று கவனியுங்கள். இரண்டு வகை கலந்த இன்சுலின் போடுபவர்கள் இப்படி நேரத்தைத் தள்ளக்கூடாது. அதில் உள்ள வேகமான பகுதிக்குச் சாப்பாடு வேண்டும்.

காலையில் சீனி ஏறியிருந்தால் இரவு மருந்து போதவில்லை என்றுதான் எல்லாரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவில் சீனி இறங்கி, உடம்பு அதற்குப் பதிலடியாக ஏற்றிவிடுகிறது என்று சோமோஜி என்பவர் 1930களில் சொன்னார். அது அவ்வளவு அடிக்கடி நடப்பதில்லை என்பது இப்போதைய கருத்து. இருந்தாலும் வாதம் எதற்கு? இரண்டு மூன்று நாள் அலாரம் வைத்து விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கணக்கைக் கொண்டுபோங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

காரணம் தெரியாமல் இறங்கினால், அடுத்த ஊசியின் அளவைப் பத்திலிருந்து இருபது விழுக்காடு குறைப்பது வழக்கம். 20 யூனிட் என்றால் 18 அல்லது 16. ஏற்றுவதென்றால் இரண்டு யூனிட், பிறகு மூன்று நாளாவது பொறுமை. இதை மருத்துவரோடு பேசி முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயத்தில் ஊசியையே நிறுத்திவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். கால் புண்ணோடு திரும்பி வருவார்கள்.

அளவைத் தொடாமலே திருத்த வேண்டியவையும் உண்டு. வெள்ளை மருந்தை உள்ளங்கையில் உருட்டி, மேலும் கீழும் பத்து முறையாவது சாய்த்துக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் கெட்டி. வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி விழுந்திருக்கும். அதில் போட்டால் மருந்து சரியாக இறங்காது. அளவு ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒருநாள் நல்ல இடத்தில் போட்டால் ஒரேயடியாகச் சீனி விழும். ஆகவே இடம் மாற்றும்போது அளவைப் பற்றியும் கேளுங்கள்.

சம்சுவைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் தோட்டத்துப் பிள்ளை இல்லை. மது உள்ளே இருக்கும்போது ஈரல் சீனியைச் சரியாக வெளிவிடாது. சாப்பிடாமல் குடித்துவிட்டு, ஊசியும் போட்டுப் படுத்தவரை, போதை என்று நினைத்து யாரும் எழுப்பமாட்டார்கள்.

கிளார்ஜின் போன்ற புதிய வகைகளுக்கு அந்த உச்சம் இல்லை என்றே சொல்லலாம். இரவில் சீனி இறங்குவதும் குறைவு. விலைதான் கூடுதல். எல்லாருக்கும் அது வேண்டியதில்லை. இரவில் அடிக்கடி இறங்குகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம். 2019இல் எடுத்த தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. நம் இந்தியர்களில் அது 31.4. ஆகவே கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

இறங்கிவிட்டால் ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லெட் வேண்டாம், அது மெதுவாகத்தான் ஏறும். அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சீனி சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் மாவுதான் வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறியதும் இரண்டு பிஸ்கட் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 999க்கு அழையுங்கள்.

அம்மாவை மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தளர்ந்திருப்பது தெரிந்தது. சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், தேவை குறையும். 22ஐ 14 ஆக்கினார். "இந்த வயதில் காலையில் எட்டு, ஒன்பது இருந்தால் போதும், விரட்டாதீர்கள்" என்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு ஆறு வருடம் அம்மா இருந்தார். பெரட்டுக்கு மணி அடித்த கதையை நான் சொல்லும்போதெல்லாம் நம்பவே மாட்டார்.